மூன்று ரப்பர் குமிழ்கள்

அந்த வீட்டிலிருந்து கம்ப்யூட்டரைத் திட்டும் சத்தம் வந்தால் அக்கம்பக்கத்தில் யாரும் பதறமாட்டார்கள். ரிப்போர்ட் அக்கா வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள் என்று அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் ஸ்கேன் படத்தைப் பார்த்து மைக்கில் முணுமுணுப்பதை, ஹெட்போனில் கேட்டு ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. பாதி டாக்டர்கள் எதையோ மென்றுகொண்டே பேசுவார்கள். ஒருவர் கல்லீரலுக்கும் கணையத்துக்கும் நடுவில் டிரைவருக்கு வழி சொல்வார். அதையெல்லாம் பிரித்தெடுத்து, நோயாளிக்கு என்ன கோளாறு என்பதை மட்டும் அடிக்க வேண்டும். காலடியில் ஒரு பெடல் இருக்கும். அதை மிதித்தால் பேச்சு ஓடும், குதிகாலைத் தட்டினால் பின்னால் போகும். மவுசைத் தொடுவது அவளுக்குக் கௌரவக் குறைச்சல். கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது, ஆனால் அதைக் குனிந்து பார்த்தால்தானே கவலை.

அவள் கணவர் பஸ் ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறியது தெரியாமலே ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்து, கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிச்சம் வைத்தது. போனது போனதுதான், திரும்ப வராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஹாலில் ஜன்னலோர நாற்காலியே கதி என்று ஆகிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தூங்கக் கூப்பிட்டால் வருவார். கண் போனதைக்கூட அவள் எப்படியோ ஜீரணித்துவிட்டாள். இந்த மனிதர் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடுவாரோ என்ற பயம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

அதனால்தான் ஒருநாள் அவராகவே வாயைத் திறந்து, "காலைல காபியாவது நான் போடுறேனே" என்றபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்புப் பக்கம் அவரை விட மனமில்லை. மெஷின் வாங்கலாம் என்று முடிவாயிற்று.

கடைக்கு இருவருமாகப் போனார்கள். கடைக்காரப் பையன் இரண்டைக் காட்டினான். ஒன்றில் இரும்புத் திருகு, கைப்பிடி, பால் நுரைக்க ஒரு நீராவிக் குழாய். இன்னொன்றில் முகம் முழுக்கக் கண்ணாடித் திரை. படத்தைத் தொட்டால் போதும், அதுவே கொட்டையை அரைத்து, காபி இறக்கி, பாலையும் நுரைத்து ஊற்றிவிடும். போனோடும் வைஃபையோடும் இணையும்.

அவர் முதல் மெஷினைத் தடவிப் பார்த்தார். திருகைத் திருப்பி, விட்டு, மறுபடி திருப்பினார். முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு களை வந்தது.

"இதையே எடுத்துக்கலாம். எது எங்க இருக்குன்னு கைக்கே தெரியுது."

"நீராவி கைல அடிச்சா என்ன பண்ணுவீங்க? வேண்டவே வேண்டாம். அந்தக் கண்ணாடியே இருக்கட்டும்."

"கண்ணாடில நான் எதைத் தடவுறது?"

"அதுக்கு நான் ஒரு வழி பண்றேன். வாங்க."

பண்ணவும் செய்தாள். அலமாரிக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒட்டுவார்களே, சின்ன ரப்பர் குமிழ், அதில் மூன்றை எடுத்தாள். படத்தின் மேலேயே ஒட்டினால் தொடுவது மெஷினுக்கு உறைக்காது என்று, ஒவ்வொரு படத்துக்கும் நேர் கீழே ஒன்றாக ஒட்டினாள். குமிழைத் தேடு, அதற்கு ஒரு விரல் மேலே தொடு. இடது ஓரம் காபி, நடுவில் பால் காபி, வலது ஓரம் நிறுத்த. அரைநாளில் பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அவள் மேஜைக்குக் காபி வந்தது. முதல் கப் எப்போதும் அவளுக்கு, இரண்டாவதுதான் அவருக்கு. காபி போடப் போனவர், போனதோடு கப்பையும் கழுவி வைத்தார். பிறகு துணி மடித்தார். ஒருநாள் தானாகவே மாடிப்படி இறங்கி வாசல்வரை போய்விட்டு வந்து, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்துகொண்டார். அவள் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்ப்யூட்டர் தன் வேலையைக் காட்டியது.

ஒரு மாலை அது தன்னைத்தானே அணைத்து, ஏதோ சுற்றிக்கொண்டே இருந்து, எழுந்திருக்கும்போது வேறு முகத்தோடு எழுந்தது. கீழே இடது மூலையில் இருந்ததெல்லாம் நடுவுக்கு வந்து குவிந்திருந்தது. மெனுவைத் திறந்தால் 'நகலெடு' என்ற சொல்லே இல்லை, அந்த இடத்தில் கண்டுபிடிக்க முடியாத ஒரு குட்டிப் படம். அவள் விரலுக்குப் பழகிய கீயை அழுத்தினால், ரிப்போர்ட் திறக்க வேண்டிய இடத்தில் வானிலைச் செய்தி திறந்தது. பெடலை மிதித்தால் சத்தமே இல்லை. "உங்களுக்காகவே எளிமையாக்கியிருக்கிறோம்" என்று ஒரு வாழ்த்து வேறு.

"யாருடா கேட்டா உன்கிட்ட? நான் கேட்டேனா? நல்லா இருந்ததை ஏன்டா நோண்டுறீங்க?"

ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் போனில் குடைந்துகொண்டே இருந்தார். அவசரக் கேஸ், தலையில் அடிபட்டவர், ரிப்போர்ட் எங்கே, ரிப்போர்ட் எங்கே. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத் திரையில் முட்டி மோதிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து போனில் இன்னொரு கட்டம் குதித்து வந்து திரையை மறைத்தது. என்ன ஏது என்று யார் படித்தார்கள்? 'சரி' என்பதைக் குத்தி அதைத் தொலைத்துவிட்டு, மேற்பார்வையாளருக்குப் பதில் சொன்னாள்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல மெஷினுக்கு முன் நின்றார். குமிழைத் தேடினார், ஒரு விரல் மேலே தொட்டார். கொட்டை அரைபடும் சத்தம் வரவில்லை. சரியாகத் தொடவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை தொட்டார். கப் நிரம்புகிறதா என்று விரலை விளிம்பில் வைத்துப் பார்த்தார். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வழிந்து விரல்களின் மேல் ஓடியது. கப் விழுந்து உடைந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். அவர் கையை உதறிக்கொண்டு நின்றார். இரவெல்லாம் அந்தப் புது முகத்தோடு மல்லுக்கட்டிய எரிச்சல் அவள் வாயில் வந்துவிட்டது.

"பார்த்து அமுக்கக் கூடாதா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டினார்.

"தப்பா அமுக்கிட்டேன் போல. இடது ஓரம்தானே காபி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இடது ஓரம்தான். தினம் போடுறதுதானே, எப்படி மறக்கும்?"

"அதான் தெரியல."

மருந்து போட்டு, சில்லைப் பொறுக்கி, அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு தனக்கொரு காபி போடலாம் என்று மெஷினுக்கு முன் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திரை புதிதாக இருந்தது. காபி மேல் வரிசைக்கு ஏறியிருந்தது. இடது குமிழுக்கு மேலே வெந்நீர். நிறுத்த என்று இருந்த இடத்தில் சுத்தம் செய்வதற்கான படம். ஓரத்தில், "உங்கள் ஒப்புதலுக்கு நன்றி. புதிய தோற்றத்தை அனுபவியுங்கள்."

 நேற்று போனில் 'சரி' என்று குத்தித் தள்ளியது எது என்று அவளுக்கு இப்போது விளங்கிற்று.

அந்த நிமிஷமே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளிப் புத்தி வேறு கணக்குப் போட்டது. சத்தமில்லாமல் மூன்று குமிழையும் பெயர்த்து, புது இடத்தில் ஒட்டிவிட்டால் போயிற்று. கை ஆறியதும் மறுபடி போடுவார், எல்லாம் சரியாகிவிடும். அப்படியே செய்துவிட்டுப் போய் வேலையில் உட்கார்ந்தாள். அவள் அடித்த ரிப்போர்ட்டில் அன்று இடது சிறுநீரகம் இரண்டு தடவை வந்தது. மேற்பார்வையாளர் அதற்கும் கத்தினார்.

கை ஆறியது. அவர் சமையலறைப் பக்கம் போகவில்லை.

"ஒரு தடவை போட்டுப் பாருங்களேன், நான் பக்கத்துலயே நிக்கறேன்."

"வேண்டாம்மா."

துணி மடிப்பது நின்றது. படியிறங்குவது நின்றது. ஒருநாள் பாத்ரூம் வாசலில் நின்று, "கதவு இதுதானே?" என்று கேட்டார். எந்தக் காலத்திலும் கேட்காத கேள்வி அது.  சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் வாயெடுப்பாள். இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று விழுங்கிவிடுவாள். ஒரு பொய்க்கு வயது கூடக்கூட அதைச் சொல்லத் தைரியம் குறைந்துகொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் கூப்பிட்டாள். கூப்பிட்டது அப்பாவை இல்லை, இவளை.

"அம்மா, அப்பா உன்கிட்ட சொன்னாரா? பகல்ல தன்கூட இருக்க ஒரு ஆள் பார்க்கச் சொல்றார். மூளை டாக்டர்கிட்டயும் காட்டணுமாம். எல்லாம் மறந்து போகுதாம். அழறார்மா."

"அழுதாரா?"

"ஆமா. 'உங்கம்மா பாவம், வேலையையும் பார்த்துட்டு என்னையும் எத்தனை நாள் காவல் காப்பா'ன்னு சொன்னார்."

அவள் போனை வைத்தாள். நேராக ஹாலுக்குப் போய், நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். 

"என்னங்க, உங்களுக்கு மறதி இல்ல. மெஷின்தான் மாறிடுச்சு. படமெல்லாம் இடம் மாறிடுச்சு. போன்ல கேட்டுச்சு, நான் படிக்காம சரின்னு அமுக்கிட்டேன். அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட சொல்லாம குமிழை மாத்தி ஒட்டிட்டேன்."

 தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு என் கை சரியான இடத்துலதான் தொட்டுச்சா?"

"சரியாத்தான் தொட்டீங்க."

"இடது ஓரம்."

"இடது ஓரம்தான். குமிழுக்கு ஒரு விரல் மேல. இம்மி பிசகல."

அவர் புண் ஆறிய கையை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார். பார்க்க முடியாத அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு நாள் கியரைக் குனிஞ்சு பார்த்திருக்கேனா? கண்ணு போனப்போகூட, கை இருக்குன்னு நெனச்சேன். இந்தக் கையும் போச்சுன்னு நெனச்சு, இத்தனை நாளா…"  குரல் கெட்டிப்பட்டது. "அந்த ரூம்ல உக்காந்துக்கிட்டு, 'யாருடா கேட்டா'ன்னு நீ கத்துறது எனக்குக் கேக்குது. அவங்களாவது ஊர் பேர் தெரியாதவங்க. நீ என் பொண்டாட்டி."

 மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அது அவளுக்கே போதவில்லை.

அவர் எழுந்தார். சுவரைத் தொடவில்லை, அவளைக் கூப்பிடவில்லை. சமையலறைக்குப் போனார். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரையை விரலால் ஓரத்திலிருந்து ஓரம் தடவி மூன்று குமிழையும் தேடிப் பிடித்தார்.

"எது எது? இப்ப சொல்லு."

சொன்னாள். ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டார்.

"இந்த மெஷினோட வைஃபையைப் பிடுங்கு. இனிமே இந்த வீட்டுல எதை மாத்தினாலும் சொல்லிட்டு மாத்து."

"சரிங்க."

கப்பை வைத்தார். குமிழைத் தேடி, ஒரு விரல் மேலே தொட்டார். கொட்டை கடகடவென்று அரைபட்டது. அவர் தோள் இறங்கியதை அவள் பின்னாலிருந்து பார்த்தாள்.

உள்ளே கம்ப்யூட்டர் அவளைக் கூப்பிட்டு மணியடித்தது. போய் உட்கார்ந்து, இன்னும் பழகாத அந்தத் திரையில் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டே காதை மட்டும் சமையலறைப் பக்கம் வைத்திருந்தாள். மெஷின் நின்றது. அவர் காலடி ஹாலுக்கு வந்து, ஜன்னலோரம் போனது. நாற்காலி இழுபடும் சத்தம். காபியை ஊதிக் குடிக்கும் சத்தம்.

அன்று அவர் ஒரே ஒரு கப் காபிதான் போட்டார்.