பிறிஜெற் பலகைக்குக் கீழே இறங்கிய வருடம்

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த கணவர் இறந்த பிறகுதான், ஐம்பத்திரண்டு வயதில், பிறிஜெற் ஐசிங் பூப் போடக் கற்றுக்கொண்டார். எட்டு வருடத்தில் கொட்டாஞ்சேனைக் கலியாணங்களில் பாதிக்கு அவருடைய கேக்தான் போனது. வீட்டின் பின்பக்கம் சேர்த்துக் கட்டிய ஓர் அறை அவருடைய பங்கு. முன்வீடு அண்ணன் ஒஸ்வால்ட்டுக்கு.

மழை பெய்தால் பக்கத்து ஒழுங்கைத் தெருவின் தண்ணீர் பின்வளவுக்குள் வந்துவிடும். அதனால் அந்த அறையைத் தூண்களின் மேல் இரண்டரை அடி உயர்த்திப் பலகைத் தளம் போட்டிருந்தார்கள். தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வெற்றிடம். அதைச் சுற்றிச் செங்கல் சுவர், சுவரில் காற்றுப் போக எட்டு ஓட்டைகள். எலி வருகிறது என்று சொல்லி ஒஸ்வால்ட் அந்த எட்டையும் சீமெந்து பூசி அடைத்தார். பிறிஜெற் ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தபோது சீமெந்து காய்ந்துகொண்டிருந்தது.

ஆறு மாதத்தில் பலகைகள் ஊதின. கதவு நிலத்தில் உரசியது. காயாத துணி நாறுவது போல ஒரு மணம் அறைக்குள் நின்றது. ஒரு மணப்பெண்ணின் தாய் கேக் ருசி பார்க்க வந்து, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் போனவர்தான்.

மட்டக்குளியிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர் றமேஷ் பாஸ் தளத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். பலகை முழுவதையும் பெயர்த்து, மண் நிரப்பி, கொங்கிறீற் போட வேண்டும், ஒரு மாத வேலை என்றார். வரப்போவது டிசம்பர், கலியாண மாதம். முதலில் கீழே இறங்கிப் பாருங்கள் என்று பிறிஜெற் கேட்டதற்கு, அதற்குள் மனுசர் போவதில்லை என்று சிரித்தார். ஒஸ்வால்ட்டுக்கோ அது நல்ல சாட்டு. அறையைப் பூட்டி ஒரு கடைக்காரருக்குச் சாமான் வைக்கக் கொடுக்கலாம், தங்கச்சிக்கும் ஓய்வு வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினார்.

மறுநாள் காலை பிறிஜெற் கணவரின் பழைய காற்சட்டையைப் போட்டு, தலையைச் சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டி, ரோச் லைற்றுடன் பின்சுவரில் இருந்த சிறிய கதவால் உள்ளே தவழ்ந்தார். மண் நசநசவென்று முழங்கையில் ஒட்டியது. மேலே பலகையில் நீர்த்துளிகள் தொங்கின. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஐசிங் இளகாமல் இருக்க ஏசி போடும் பாதிக்குக் கீழேதான் துளிகள். மற்றப் பாதியில் வெறும் ஈரம். உள்ளங்கையால் துடைத்துவிட்டு அரை மணித்தியாலம் படுத்தபடியே காத்திருந்தார். மறுபடியும் துளிகள். பிரிஜ்ஜிலிருந்து எடுத்த பாத்திரம் வியர்ப்பதை அவர் தினமும் பார்ப்பவர். இதுவும் அதேதான். மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த பலகையில் வந்து படிகிறது.

வெளியே வந்து சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு திரும்ப இறங்கினார். சத்தம் கேட்டு ஒஸ்வால்ட் ஓடி வந்தார்.

"வெளிய வா, பிறிஜெற். சனம் பாக்குது. இந்த வயசில உனக்கு இது தேவையா?"

"பாக்கட்டும்," என்று கீழிருந்து குரல் வந்தது. "அடைக்கேக்க என்னட்டக் கேட்டீங்களா? திறக்கேக்க நானும் கேக்க மாட்டன். காலைத் தள்ளி வைங்க, உளி வருது."

ஒஸ்வால்ட் தள்ளி நின்றார். அவர் கால் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சீமெந்து உடைந்து விழுந்தது.

எட்டு ஓட்டைக்கும் மூன்று நாள் பிடித்தது. எலி வராமல் ஒவ்வொன்றிலும் கம்பி வலை அடித்தார். மண் முழுவதும் தடித்த பொலித்தீன் விரித்து, ஓரங்களைச் சுவரில் ஏற்றிக் கல் வைத்தார். பலகை காயும் வரை பத்து நாள் ஏசியை நிறுத்தி, ஐசிங் தேவைப்படாத லவ் கேக் மட்டும் செய்தார். பிறகு மருதானையில் வாங்கிய வெள்ளித்தாள் ஒட்டிய நுரைத் தகடுகளை ரொட்டி வெட்டும் கத்தியால் வெட்டி, பலகையைத் தாங்கும் சட்டங்களுக்கு நடுவே இறுக்கிச் செருகினார். குளிர்ந்த பலகையில் ஈரக்காற்றுப் படாமல் இருக்க, இடுக்கு ஒன்று விடாமல் ஒட்டு ரேப்பால் மூடினார். மல்லாந்து படுத்துச் செய்த வேலை. இரவில் கழுத்தைத் திருப்ப முடியாமல் அழுதார், விடிந்ததும் இறங்கினார்.

கேள்விப்பட்டு றமேஷ் பாஸ் வந்தார். இந்த முறை தானே குனிந்து உள்ளே போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"நான் பாக்காமச் சொன்னது பிழை, அக்கா," என்றார்.

"ஓம், பிழைதான்," என்றார் பிறிஜெற். உக்கிப்போன மூன்று பலகைகளை மாற்றும் வேலையை மட்டும் அவருக்குக் கொடுத்தார்.

நவம்பர் மழையில் பின்வளவு வழக்கம்போல நிறைந்தது. தண்ணீர் ஓட்டைகளுக்கு ஒரு சாண் கீழே நின்று வடிந்தது. பலகை ஊதவில்லை. மணம் மட்டும் ஒரு மூலையில் தை மாதம் வரை இருந்தது. டிசம்பரில் ஏழு கலியாணக் கேக் போனது.

ஒஸ்வால்ட் நத்தார்ப் பண்டிகை வரை தங்கையுடன் கதைக்கவில்லை. கதைத்ததும், கேக் வாங்க வருகிறவர்கள் தன் வாசலால் போகிறார்கள் என்றுதான் தொடங்கினார். அந்த வழி இருவருக்கும் பொது என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. பிறிஜெற் தன் பெயரும் பின்பக்கம் காட்டும் அம்புக்குறியுமாக ஒரு பலகை எழுதுவித்து முன்வாசல் இரும்புக் கேற்றில் மாட்டினார். இரண்டு முறை அது காணாமல் போனது. மூன்றாவதை அவர் வெல்டிங் பிடிப்பித்துவிட்டார்.