ராமாயிக்கு மாலை போட்ட போஸ்டர்

காலை ஆறரைக்கு என் போன் அடித்தது. மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்வம், ராமாயி ஆத்தாவின் மகன்.

"அண்ணே, எங்கம்மா எப்பண்ணே செத்தாங்க? இங்க உக்காந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்காங்க. நோர்வூட்லருந்து சொந்தக்காரங்க கோடித் துணியோட வந்து எறங்கிட்டாங்க!"

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, திருவிழா, கூட்டம், மரண அறிவித்தல் எல்லாவற்றையும் கினிகத்தேனை வரை சொல்லித் திரிந்தவன். இன்று ஹட்டனில் ஒரு வரலாற்று ஆவணகத்தின் தொடர்பாடல் பொறுப்பாளர். எனக்கு முன்னால் பட்டம் வாங்கிய இரண்டு பேர் இந்த வேலையில் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் போய் ஒரு பழைய போட்டோ வாங்க அவர்களால் முடியவில்லை. நான் போனால் பெட்டியையே திறந்து வைப்பார்கள். ராமாயி ஆத்தாவின் ஒப்பாரிப் பாட்டுகளை ரெக்கோர்ட் செய்ய வைத்ததும் நான்தான்.

தவறு செய்ததும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த எங்கள் ஆவணகக் கண்காட்சிக்கான போஸ்டரைக் கொழும்பில் டிசைன் செய்து அனுப்பினார்கள். நடுவில் ஆத்தாவின் படம், சுற்றிலும் செவ்வந்தி மாலை, கீழே எரிகிற குத்துவிளக்கு. அழகுக்கு வைத்திருக்கிறார்கள். லயத்துச் சுவரில் இப்படி ஒரு படம் தொங்கினால் அந்த ஆள் உயிரோடு இல்லை என்று குழந்தைக்கும் தெரியும். நான் போனில் பார்த்தேன். அடியில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். "ஓகே, போடுங்க" என்றேன். அன்றைக்கே பேஸ்புக்கில் போட்டு, ஹட்டன் பஸ் நிலையத்திலும் ஒட்டிவிட்டார்கள்.

செல்வம் விடவில்லை. "பாட்டு, போட்டோ எல்லாத்தையும் அழிச்சிருங்கண்ணே. லயத்துல மத்தவங்களும் குடுத்தத திருப்பிக் கேக்குறாங்க."

ஒரு வீடு திருப்பிக் கேட்டால் எல்லா வீடும் கேட்கும். மூடிய பெட்டி பிறகு திறக்காது.

"பேஸ்புக்ல ஒரு வருத்தம் தெரிவிச்சிருவோம்" என்றார் எங்கள் பணிப்பாளர் மேடம்.

"கோடியோட வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு பேஸ்புக்கே கெடையாது மேடம். சாவு வாயாலதான் பரவிருக்கு. வாயாலதான் திருப்பணும்."

பழைய ஒலிபெருக்கியை ஆட்டோவில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

லயத்து வாசலில் சொந்தக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆத்தா என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாடா மைக்குக்காரா. ஊருச் சாவுக்கெல்லாம் நான் ஒப்பாரி வச்சேன். எனக்கு நீ வச்சிட்டியா?"

"தப்பு என்னோடது ஆத்தா. கொழும்புல செஞ்சாங்கன்னு சொல்ல மாட்டேன், நான் பாத்துதான் போட்டாங்க. அழிக்கணும்னா அழிச்சிர்றேன். மொதல்ல தோட்டத்துக்கு உண்மையச் சொல்லிட்டு வர்றேன்."

"நீ சொன்னா எவன் நம்புவான்? செத்துட்டேன்னு சொன்னவனே நீதானே!"

அவர் கோடிச் சேலையை எடுத்து விரித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இரு, கட்டிக்கிட்டு வர்றேன்."

"அம்மா, அது கோடிம்மா!" என்று செல்வம் பதறினான்.

"உசுரோட கட்டுனா புதுச் சேலைடா."

ஆத்தாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கொழுந்து மடுவத்துக்குப் போனேன். பறித்த தேயிலைக் கொழுந்தைப் பகலில் நிறுக்கிற நேரம். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். நான் மைக்கில் என் தவறைச் சொல்லி முடிப்பதற்குள் ஆத்தா அதைப் பிடுங்கிவிட்டார்.

"ராமாயி பேசுறேன். எழவுக்கு வந்தவங்க சாப்பிட்டுட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம ஹட்டனுக்கு வாங்க, என் பாட்ட நானே பாடுறேன்."

கொழுந்துக் கூடைகளுக்கு நடுவிலிருந்து எழுந்த சிரிப்பு அடங்க வெகு நேரமானது. அழிக்கச் சொன்ன செல்வம்தான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் நிறைய ஆள் கூட்டிக்கொண்டு வந்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். படத்தில் இருக்கிறவர் பார்க்காமல் படத்தை வெளியே விடாதீர்கள். கொழும்பில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நான் முதலில் லயத்துக்குத்தான் போகிறேன். அவர்கள் பார்த்து, "சரி, போடு" என்ற பிறகுதான் அடியில் என் பெயரைப் பார்க்கிறேன்.