பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும்

கண்வலி வந்தவர்களை நேருக்கு நேர் பார்த்தால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சாமி விஷயத்தில்கூட அப்பாவும் அம்மாவும் அவ்வப்போது முட்டிக்கொள்வார்கள். இதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து மெட்ராஸ் ஐயைக் கொண்டுவந்து சேர்த்த அன்றைக்கே, அப்பா தாடிக்கொம்பில் பஸ் ஏறித் திண்டுக்கல் போய் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்தார். எனக்குத்தான் என்று சந்தோஷப்பட்டேன். அவர் மாட்டிக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டே மல்லித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார்.

அம்மாவிடம் கண்ணாடி இல்லை. அதனால் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே இட்லி ஊட்டினாள். முதல் வாய் காதுக்குப் போனது. ஊட்டி முடித்ததும் திரும்பாமலே முந்தானையைப் பின்னால் நீட்டி என் வாயையும் கண்ணையும் சேர்த்துத் துடைத்துவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து அதே முந்தானையில் தன் முகத்து வேர்வையையும் துடைத்துக்கொள்வாள். அவளுக்கு எப்படிக் கண்வலி வராமல் போனது என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

வீட்டில் மூன்றாவது பெரிய ஆள் சித்தி. அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளையாட்டுத் துணையும் அவள்தான். மூன்று நாள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்து நான் அழ ஆரம்பித்ததும், அவளுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாமூச்சி விளையாடலாம் என்றாள். தன் கண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டால் என்னைப் பார்க்கவே வேண்டியிருக்காதே என்பது அவள் கணக்கு. கட்டிக்கொள்ளத் துணி தேடியவள் என் தோளில் கிடந்த துண்டையே உருவினாள். சின்னாளபட்டியில் வாங்கிய மஞ்சள் கரைத் துண்டு. மூன்று நாளாக நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததும் அதே துண்டில்தான்.

"இப்ப எப்படி ஒட்டுதுன்னு பாப்பம்," என்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அரை மணி நேரம் வீடு முழுக்க ஓடினோம்.

எனக்குக் கண் சரியானது. வியாழக்கிழமை காலையில் சித்தியால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் பீளையில் ஒட்டிக்கிடந்தன. வெந்நீர் வைத்துத் துடைத்துப் பார்த்தால், உள்ளே மிளகாய்ப் பழச் சிவப்பு.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குச் செம்பட்டி. அங்கே மருந்துக்கடை ஒன்றில் வேலை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இரண்டுமே நாங்கள் ஏதோ காரணத்துக்காகத் தேதியைத் தள்ளிவைத்ததும், கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லித் தட்டிப் போனவை. இந்த ஞாயிறை விட்டால் ஆடி பிறந்துவிடும், அப்புறம் ஒரு மாதம் ஒன்றும் பேச முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, சித்திக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அவர் போட்டோவை அளவு எழுதும் நோட்டுக்குள் வைத்திருந்தாள். என்னிடம் மட்டும் காட்டி, "எனக்கு இவரைப் புடிச்சிருக்குடி, யார்ட்டயும் சொல்லிராத," என்றிருந்தாள். அந்த நோட்டை இப்போது திறந்தாலும் அவளால் பார்க்க முடியாது.

அம்மா நேராக என்னிடம் வந்தாள். எப்போதோ ஒரு தடவை நான் சித்தியைப் பார்த்திருக்கிறேன் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் அது உண்மை. கண்ணாமூச்சியில் அவள் அம்மியில் இடித்துக்கொண்டபோது கட்டு கொஞ்சம் நழுவியது. அந்த ஒரு நொடி நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். சித்தியின் கல்யாணத்தை என் கண்ணே கெடுத்துவிட்டது என்று முடிவு செய்தேன். இந்த இடம் கூடிவந்தால் மொட்டை போடுவதாகப் பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பின்னல் முதுகில் பாதி வரை இருக்கும் எனக்கு.

மூன்று நாளும் வைத்தியம் நடந்தது. ஆஸ்பத்திரிச் சொட்டு மருந்து ஒருபுறம், நந்தியாவட்டைப் பூவை ஊறவைத்து இமைமேல் வைப்பது மறுபுறம். ஞாயிறு காலையிலும் சிவப்பு அப்படியேதான் இருந்தது. கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். பெண் பார்க்க வரும் இடத்தில் பெண் தலை நிமிரவே கூடாது. அதுதானே முறை. தரையைப் பார்த்துக்கொண்டு காபியைக் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? ஊரே போட்டு வைத்திருந்த முறை எங்களுக்காகவே போட்டதுபோல் இருந்தது.

வேனில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். நான் கதவிடுக்கில் நின்றேன். சித்தி குனிந்த தலையோடு தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா உருகிப்போனார்.

"இந்தக் காலத்துல இம்புட்டு அடக்கமான புள்ளயா," என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் அவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நீயும் என் மகனைப் பார்க்க வேண்டும் அல்லவா, செத்த நிமிர்ந்து பாரும்மா என்றார். சித்தி அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது சித்தி நிமிர்ந்தாள். பயந்துபோய் நிமிர்ந்தாளா, போட்டோவில் பார்த்த முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிடலாம் என்று நிமிர்ந்தாளா, தெரியாது.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். அவருடைய அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி எங்கள் காலண்டரில் தேதி படித்தார். மற்ற மூவரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். அப்பா சட்டைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை ஒருவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து சித்தியை நன்றாகப் பார்த்தார்.

"மெட்ராஸ் ஐ தானம்மா," என்றார். "பாத்தா ஒட்டாது. கையில, துண்டுலதான் ஒட்டும்."

"நீ சும்மா இரு. மொதல்ல கண்ணைத் திருப்பு," என்றார் அவர் அம்மா முந்தானைக்குள்ளிருந்து.

காபி ஆறுவதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை தெரியும். புதன்கிழமை பழனியில் இன்னொரு பெண்ணைப் பார்க்கப் போவதாக அந்த அண்ணன் வாசலில் நின்று டிரைவரிடம் பேசியதும் எல்லோர் காதிலும் விழுந்தது. உள்ளே மெஷின் மேல் கவிழ்ந்து சித்தி அழுதுகொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வாசல் குழாயில் கேசரி ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குக் கை துடைக்கத் துண்டு கொடுக்க வேண்டும் என்று அம்மா எனக்குப் பழக்கியிருந்தாள். பாதி அழுகையில் ஓடி, கொடியில் கைக்குக் கிடைத்ததை இழுத்துவந்து நீட்டினேன். மஞ்சள் கரைத் துண்டு.

"யாரோட துண்டு பாப்பா?" என்று கேட்டார்.

"இப்ப சித்தியோடது. கண்ணு தொடைக்கிறது," என்றேன். விவரமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக, காலையில்கூடத் துடைத்தாள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் வேனைப் பார்த்தார். எங்கள் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்தார். அதன்பின் நிதானமாக முகத்தையும், இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டு துண்டை மடித்து என்னிடம் தந்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாத விஷயங்கள் எனக்கு இரண்டாகிவிட்டன.

புதன்கிழமை காலை போன் வந்தது. அவர் அம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. உங்கள் வீட்டுப் பெண் பார்த்த பார்வையில் என் மகன் கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறான், பழனிப் பயணம் நின்றுபோனது என்று திட்டினார். அப்பா கறுப்புக் கண்ணாடியோடு நின்று மன்னிப்புக் கேட்டார். மறுநாள் மாப்பிள்ளையே பேசினார். எங்கள் வீட்டில் என்ன சொட்டு மருந்து போடுகிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். அப்பா போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

"மருந்துக்கடையில இருக்கிறவரு நம்மகிட்ட மருந்து கேக்குறாரே," என்று அம்மாவிடம் சொன்னார்.

அடுத்த நாளும் கேட்டார். ஆடி முழுக்க, கண் சரியாகி வெகுநாள் ஆன பிறகும், தினமும் கேட்டார். பழனிப் பெண்ணைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. ஆவணியில் கல்யாணம். கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் மணமக்களுக்கு நடுவே மொட்டைத் தலையோடு சிரித்துக்கொண்டிருப்பது நான்தான்.

இப்போது என் வேலையே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நோய் எப்படிப் பரவுகிறது என்று சொல்வது. கண்வலி பார்த்தால் ஒட்டாது, அடுத்தவர் துண்டைத் தொடாதீர்கள் என்று வாரம் இரண்டு தடவையாவது சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் சித்தப்பா ஞாபகம் வருகிறது. உறவு கூடும் இடங்களில் அவர், உங்கள் சித்தி பார்த்த ஒரே பார்வையில் மூன்றே நாளில் நான் படுத்துவிட்டேன் என்று இன்றும் அளந்துகொண்டிருக்கிறார். சித்தியும் வெட்கப்பட்டுக்கொண்டு அதை நம்புகிறாள். நான் வாயைத் திறப்பதில்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

அன்று துண்டை வாங்கிக் கொடியில் போடும்போது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அவர் கழுவியது கையை மட்டும்தான். முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. காய்ந்த முகத்தை எதற்காக அவ்வளவு நேரம் துடைத்தார் என்று விளங்கவில்லை. செம்பட்டிப் பக்கம் அப்படித்தான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சித்தியைச் சமாதானப்படுத்த உள்ளே ஓடினேன்.