ஆடாமல் நின்ற படம்

பெரியப்பாவின் பழைய கேமராவை உறையிலிருந்து எடுத்ததும் நாற்றம் மூக்கில் ஏறியது. தோல் பதனிடும் ஆம்பூர் டேனரி அந்தத் தோலுறைக்குள் இன்னும் அழுகிக்கொண்டிருக்கிறது. விற்றுத் தொலைக்கலாமென்றால், வாங்குகிறவன் ஃபோகஸ் சரியா என்று கேட்கிறான். சோதித்துப் பார்க்க ஸ்கேலைச் சாய்த்து வைத்து, பதினைந்தாம் எண்ணுக்கு ஃபோகஸ் செய்து எடுத்தேன். பிலிமைக் கழுவிப் பார்த்தால் பதினைந்து மங்கல். அதற்குப் பின்னாலிருந்த பதினெட்டுதான் பளிச்சென்று விழுந்திருந்தது.

பெரியப்பா அந்த டேனரியில் மேனேஜராக இருந்தார். இடம் சுத்தமாக இருக்கிறதென்று தோல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டப் படம் வேண்டுமாம். சாக்கடையை மறைக்க, சின்னப் பிள்ளைகளாக இருந்த என்னையும் அக்காவையும் தீபாவளித் துணியில் அதன் முன்னால் நிறுத்துவார். தோலிலிருந்து வழித்த சதையும் முடியும் நீல நுரையில் மிதக்கும். வாயைத் திறந்தால் நாற்றம் நாக்கில் ஒட்டும். வீட்டுக்கு வந்து தயிர்ச்சோறு பிசைந்தாலும் அதே வாடைதான்.

"மூக்க மூடாத. சிரி. ஆடாத!"

படம் வந்தால் எங்கள் முகங்கள் கலங்கியிருக்கும். பின்னாலிருக்கும் நுரை மட்டும் குமிழ் குமிழாகத் தெரியும்.

"இன்னா ஆட்டம் ஆடுதுங்க பாரு!" என்று ஆளுக்கொரு அறை விடுவார். அடுத்த ஞாயிறு மறுபடியும் அங்கேயே நிற்போம்.

குடியாத்தத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நாம ஆடவே இல்ல. லென்ஸ்லதான் கோளாறு."



"அந்த நாத்தத்துல ஆடாம சிரிச்சிக்கினு நின்னோம் பாரு, அதுக்குத்தான் நம்மள அறையணும்" என்றாள்.