கடைசி முப்பது பக்கம்

புத்தகத்தின் முதுகை நன்றாக வளைத்துப் பிடித்து, கடைசி முப்பது பக்கங்களைப் பிளேடால் அறுத்தெடுக்கிறார் சிஸ்டர். அறுத்த தாள்களைக் கிளிப்பில் மாட்டி, மேலே படுக்கை எண்ணை எழுதி, தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டுகிறார். மிச்சமிருக்கும் புத்தகத்தைத் தட்டிச் சரிசெய்து, மூன்றாம் படுக்கையில் இருக்கும் தபால்கார அம்மாளின் மடியில் வைக்கிறார்.

"படிங்கக்கா. சும்மா ஜிவ்வுன்னு போகும். முடிவு என்கிட்ட இருக்கு, அடுத்த தடவை வரும்போது தரேன்."

இது டயாலிசிஸ் வார்டு. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம். நான் ஐந்தாம் படுக்கை. சிஸ்டர்தான் எங்களுக்கு ஊசி குத்துகிறவர். நாங்கள் எதைப் படிக்க வேண்டும், எந்தப் படம் பார்க்க வேண்டும், எந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவரே. அவரிடம் யாரும் சிபாரிசு கேட்டதில்லை.

எனக்கு இது பொறுக்கவே இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் ஆவணக் காப்பகத்தில் தாள்களைக் காத்தவன் நான். பக்கத்தின் ஓரத்தை மடித்தவரைக்கூட மன்னித்ததில்லை. கண்ணெதிரே ஒருவர் புத்தகத்தைக் கூறு போட்டால் இரத்தம் கொதிக்காதா? கொதித்தால் இங்கே இயந்திரம் கூவிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. "ஐயா, பிரஷர் ஏறுது. என்னைத் திட்டுறதுன்னா கொஞ்சம் மெதுவா திட்டுங்க" என்கிறார் சிஸ்டர்.

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய நாவல்கள் அவை, அவர் சொந்தக் காசில். அதனால் மட்டும் அவற்றை அறுக்கும் உரிமை வந்துவிடுமா? போகட்டும், ரசனையாவது உண்டா என்றால், மகா மோசம். கொலை இல்லாத நாவலைக் கையால் தொடமாட்டார். கதாநாயகன் சாகிற கதைக்கு இந்த வார்டில் இடமில்லை. அதற்காக எல்லாப் புத்தகத்தையும் முடிவிலிருந்து படிக்கிறார். படம் என்றால் இடைவேளை வரைதான் காட்டுவார். பாட்டுக்கும் சட்டம் உண்டு. ஊசி குத்தும்போது தாளம் அதிரும் பாட்டு. மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்; அப்போது கூடவே கத்திப் பாடக்கூடிய பாட்டு. தாலாட்டு மட்டும் கூடவே கூடாது. "தூங்குறீங்களா, மயங்கிட்டீங்களான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஒருமுறை அவருக்கு நல்லது ஏதாவது தெரியட்டும் என்று அருமையான கட்டுரைத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தேன். மறுவாரமே திரும்பி வந்தது.

"இதுல எங்க ஐயா வெட்டுறது? எந்த இடத்துல நிறுத்தினாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது போலிருக்கே."

அந்த வாரம் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கிரேன்காரர் விஷயத்தில்தான் என் பொறுமை அடியோடு போயிற்று. எனக்கு அடுத்த ஆறாம் படுக்கை அவருடையது. இருபது மாடி உயரத்தில் உட்கார்ந்து இரும்பு உத்தரங்களைத் தூக்கி வைத்தவர். நோய் வந்ததும் கீழே இறக்கிவிட்டார்கள். அவருக்கு சிஸ்டர் கொடுத்தது ஒரு கப்பல் நாவல்: நடுக்கடலில் கேப்டன் கொலை, சந்தேகமெல்லாம் சமையல்காரன் மேல். முடிவு வழக்கம்போல இழுப்பறையில்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. "போதும், இனிமே வரமாட்டேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். டாக்டர் போன் செய்தார், பலனில்லை. வராவிட்டால் உடம்பில் நீர் கோத்து, மூச்சு முட்டி, பத்து நாளோ, அதற்கும் குறைவோ. எங்கள் வார்டில் எல்லோருக்கும் அந்தக் கணக்கு தெரியும். வாய்விட்டுச் சொல்வதில்லை.

வியாழக்கிழமை காலையில் அவர் மனைவி மட்டும் வந்து நின்றார்.

"சிஸ்டர், அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"அவர வந்து வாங்கிக்கச் சொல்லுங்க அண்ணி."

"கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு. கொடுத்துடுங்களேன்."

"மாட்டேன்."

எனக்கு நா துடித்தது. "போகப்போகிற மனுஷன் கேட்பது முப்பது பக்கம்! அதைக் கொடுக்க மனசு வரவில்லையா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். தபால்கார அம்மாளும், "கொடுத்துத் தொலைங்க சிஸ்டர், பாவத்தக் கட்டிக்காதீங்க" என்றார். என் இயந்திரம் கூவியது. அதை அமர்த்திவிட்டு, கிரேன்காரர் மனைவியின் கையிலிருந்த போனை வாங்கி, அவரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார் சிஸ்டர்.

"சமையல்காரன்தானே கொன்னான்?" என்றது இரைக்கும் குரல். "அத மட்டும் சொல்லு."

"எனக்கென்னண்ணே தெரியும்? நான் இன்னும் படிக்கல."

கூசாமல் பொய்! முழுசும் அவருக்குத் தெரியும்.

"இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா? உன் மேல புகார் எழுதிப் போடுறேன் பாரு."

"தாராளமா போடுங்க. பெட்டி இங்க வாசல்ல இருக்கு. நேர்ல வந்துதான் போடணும்."

போன் துண்டிக்கப்பட்டது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு வார்டில் ஒருவரும் சிஸ்டர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பாட்டு எதுவும் போடவில்லை. ஆறாம் படுக்கையின் விரிப்பை மாற்றினார். இயந்திரத்தில் புதுக் குழாய்களை மாட்டினார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

எனக்கு மூன்றாவது மணி நேரம் ஓடும்போது வாசலில் சத்தம். சக்கர நாற்காலியைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கிரேன்காரர் உள்ளே வந்தார். முகம் உப்பி, கண் இடுங்கியிருந்தது. பின்னாலேயே அவர் மனைவி.

"எங்க அது? எடு வெளிய!"

"முதல்ல எடை பாருங்கண்ணே."

"எடையாம் எடை! மனுஷன உயிரோட கொல்ற பொம்பள நீ!" எடை மேடையில் ஏறினார். "கொலைகாரன் கப்பல்ல இல்ல, இங்கதான் இருக்கான்!" இறங்கினார். படுக்கையில் தொப்பென்று சாய்ந்தார். இழுப்பறையைத் திறந்து, சிஸ்டர் தாள்களை நீட்டினார். கிரேன்காரர் வெடுக்கென்று பிடுங்கி, மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படிக்கத் தொடங்கினார். முதல் பக்கம் முடியும் வரை ஏச்சு நிற்கவில்லை. கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமலே, சட்டைக் கையைப் பல்லால் கடித்து மேலே இழுத்துவிட்டு, ஊசி போடும் இடது கையை சிஸ்டர் பக்கமாக நீட்டினார்.