எட்டு நிமிட நோயாளிகள்

வீட்டில் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்தால் கடைசி வெடி வெடித்து ஓயும்வரை யாரும் குறுக்கே போக முடியாது. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, உயிரியல் தாளில் கேட்ட அத்தனை கேள்விகளையும் தான் எழுதிய அத்தனை பதில்களையும் அப்பாவிடம் ஒப்பித்தாள். அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் வண்டி ஓட்டிப் பழகியவர் என்பதால், நகம் வெட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டு முடித்தார்.

"எல்லாம் சரிம்மா. உள்ள வந்து சொல்லேன்" என்றார் கடைசியில்.

அவளுக்கு டாக்டராக வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அந்த விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "கோடை விடுமுறையை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று நேர்முகத் தேர்வில் கேட்கப்படும்." அந்த ஒரு வரிக்காக வகுப்பே தலைதெறிக்க ஓடியது. ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவப் போனாள். ஒருத்தன் முதலுதவி வகுப்பில் சேர்ந்தான். இன்னொருத்தி முதியோர் இல்லத்தில் செய்தித்தாள் வாசித்துக் காட்டினாள். பட்டாசுக்கு மட்டும் தேர்வு முடிந்த மறுநாளே காய்ச்சல் கண்டு ஒரு வாரம் படுக்கையில் போனது. எழுந்து போய்க் கேட்ட இடத்திலெல்லாம் "ஆள் நிரம்பிடுச்சும்மா" என்று கையை விரித்தார்கள்.

கடைசியாக மருத்துவக் கல்லூரியிலேயே கேட்டுப் பார்த்தாள். அங்கேயும் அதே பதில். முகம் தொங்கிப்போய் வெளியே வந்தவளின் கண்ணில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் பட்டது. "நோயாளிகளாக நடிக்க ஆட்கள் தேவை. வயது பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். நல்ல ஞாபகசக்தி வேண்டும்." பதினெட்டு நிரம்பிச் சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. ஞாபகசக்திக்கோ குறைச்சலே இல்லை.

இதற்குப் பொறுப்பாக இருந்தவர் மூத்த செவிலி ஒருவர். கையில் எப்போதும் ஒரு பித்தளை மணி இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் மணிக்காரம்மா. விஷயத்தை அவர் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தார். ஒரு நீண்ட நடைவழி, எட்டு அறைகள், அறைக்கு ஒரு பொய் நோயாளி. கடைசி வருட மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, விசாரித்து, என்ன நோய் என்று கண்டுபிடிக்க வேண்டும். எட்டு நிமிடத்தில் மணி அடிக்கும். அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். பொய் நோயாளியிடம் ஒரு தாள் கொடுப்பார்கள். எங்கே வலி, எப்போதிருந்து வலி, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது எது என்று அதில் இருக்கும்.

பட்டாசுக்குக் கிடைத்தது குடல்வால் வீக்கம். தாளை மட்டுமா படித்தாள்? நூலகத்துக்குப் போய் அந்த அத்தியாயத்தையே கரைத்துக் குடித்துவிட்டு வந்தாள்.

முதல் மாணவன் உள்ளே வந்து, "என்ன பண்ணுது?" என்று கேட்டதுதான் தாமதம்.

"நேத்து காலைல தொப்புளச் சுத்தி வலி ஆரம்பிச்சுது. ஆறு மணி நேரத்துல வலது பக்கம் கீழ எறங்கிடுச்சு. பசியில்ல. ரெண்டு தடவ வாந்தி. இருமினா வலி கூடுது. வலது கால மடக்கிப் படுத்தா கொஞ்சம் தேவலாம். வீட்ல வேற யாருக்கும் இல்ல. வெளிய எதுவும் சாப்பிடல."

மாணவன் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தான். இன்னும் ஆறரை நிமிடம் மிச்சமிருந்தது. இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அவள் அறைக்குள் போய்வந்த எட்டுப் பேருக்கும் முழு மதிப்பெண்.

மணிக்காரம்மா அவளைத் தனியே கூப்பிட்டார்.

"நீ நோயாளியா, பாடப் புத்தகமா?"

"தப்பா ஏதாவது சொல்லிட்டேனா மேடம்?"

"ஒண்ணுகூடத் தப்பில்ல. அதுதான் எனக்குத் தலைவலி. நெஜமா வயித்துவலியோட வர்றவங்க யாரும்மா இப்படி வரிசையா சொல்வாங்க? உனக்குத் தெரிஞ்சவங்களையே எடுத்துக்கோ. டாக்டர்கிட்ட போனா லேசுல வாயத் தொறக்காத ஆளு யாரு?"

"எங்கம்மா" என்றாள் பட்டாசு, யோசிக்கவே இல்லாமல்.

"அப்ப நாளைக்கு அவங்களயும் கூட்டிட்டு வா. மூணாம் ரூம் நெஞ்சுவலிக்காரர் ஊர் மாறிப் போயிட்டார். எனக்கு ஒரு ஆள் கொறையுது."

அம்மாவுக்கு வேலை கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில். அடுத்த நாள் கடைக்கு வார விடுமுறை. விஷயத்தைக் கேட்டதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நானா? நடிக்கறதா? ஃபோட்டோவுக்கே எனக்குச் சிரிக்க வராதுடி."

"சிரிக்க வேணாம்மா. வலிக்குதுன்னு உக்காந்தா போதும்."

"நீ போ" என்றார் அப்பா உற்சாகமாக. "எங்கிட்ட கால் வலிக்குதுன்னு சொல்லும்போது எவ்வளவு நல்லா சொல்ற?"

அம்மா ஒரு முறை முறைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மணிக்காரம்மா கொடுத்தனுப்பிய நோயாளித் தாளை வாங்கினாள். படியேறினால் நெஞ்சு பிடிக்கிறது. நோயாளியின் அப்பா ஐம்பது வயதில் மாரடைப்பில் இறந்தார், அந்தப் பயத்தை மட்டும் லேசில் சொல்லக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவளுடைய ஒத்திகை.

மறுநாள் பட்டாசின் முறை பிற்பகலில்தான். காலையில் மூன்றாம் அறைக்குப் பக்கத்து மறைவறையில், மதிப்பெண் போடும் தேர்வாளரோடு உட்கார அனுமதி கிடைத்தது. நடுவில் இருந்த கண்ணாடி வழியாக இவர்களால் அறையைப் பார்க்க முடியும். அறையிலிருந்து இவர்களைப் பார்க்க முடியாது. அம்மா கைப்பையை மடியில் வைத்து, மருத்துவமனை நாற்காலியின் விளிம்பில், எந்த நிமிடமும் எழுந்து போய்விடுபவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வந்தவன் நெட்டையான, கெட்டிக்கார மாணவன்.

"சொல்லுங்கம்மா, என்ன தொந்தரவு?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பொண்ணுதான் போயிட்டு வா, போயிட்டு வான்னு நச்சரிச்சா."

"நெஞ்சு வலிக்குதுன்னு போட்டிருக்கே?"

"வலின்னு சொல்ல முடியாது. சும்மா ஒரு மாதிரி."

"எப்ப இருந்து?"

"எங்க வீட்டுக் கொழா ஒழுக ஆரம்பிச்சுதில்ல, அப்ப இருந்து."

"அது எப்பம்மா?"

"பக்கத்து வீட்ல நாய் வாங்கினாங்க. அதுக்கு அடுத்த வாரம்."

மாணவனின் பேனா காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. நாய் எப்போது வாங்கினார்கள் என்று கேட்கலாமா கூடாதா என்று அவன் தவிப்பது தெரிந்தது. மறைவறையில் தேர்வாளர் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். மணி அடித்தபோது அவன் தாளில் 'குழாய்' என்ற ஒரே சொல் இருந்தது.

அடுத்து வந்த மூன்று பேரும் குழாயை ஓரம் கட்டிவிட்டு வேறு வழியில் புகப் பார்த்தார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் "பரவால்ல டாக்டர்" என்று அன்பாகவே சொல்லி அனுப்பினாள்.

ஐந்தாவதாக வந்தவள் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண். குரல் அவ்வளவு மெல்லியது என்பதால் கூட்டாளிகள் அவளுக்குக் கிசுகிசு என்று பேர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அதே குழாய்தான் வந்தது. அவள் எழுதவில்லை.

"கொழா சொட்டுனா ராத்திரி தூக்கமே வராதேம்மா" என்றாள்.

"அதையேன் கேக்கறீங்க!" அம்மா நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்தாள். "தொட்டி வால்வ மூடறதுக்கு மேல மாடிக்குப் போகணும். ரெண்டு மாடி."

கிசுகிசு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். சுவர்க் கடிகாரம் நகர்ந்தது. பட்டாசுக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஏதாவது கேளேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"ரெண்டாவது மாடி திரும்பும்போதுதான்" என்றாள் அம்மா மெதுவாக. கை தானாக நெஞ்சுக்குப் போனது. "இங்க ஒரு பிடி பிடிக்கும். நின்னா விட்டுடும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் டாக்டர்... நின்னா விட்டுடும், நின்னா விட்டுடும்னே சொல்லிட்டிருந்தார்."

கிசுகிசு தன் நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

மறைவறையில் பட்டாசு அழுதுகொண்டிருந்தாள். அம்மாவைப் பெற்ற தாத்தா நன்றாகத்தான் இருக்கிறார். போன வாரம்கூடத் தொலைபேசியில் எதுவும் கேட்கவில்லை என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அது தெரிந்தும் அழுகை நிற்கவில்லை. குழாய்க்கும் மாடிக்கும் முடிச்சுப் போட்டது தாளில் இல்லவே இல்லை, அம்மாவே போட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது, "எப்படிம்மா?" என்று கேட்டாள்.

"எதுடி எப்படி? இருபது வருஷமா கடையில இதத்தான பாக்கறேன். செருப்பு கடிக்குதான்னு கேட்டா ஒருத்தர்கூடக் கடிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க. நாலடி நடக்கச் சொல்லிட்டு மூஞ்சியப் பாத்தாத்தான் தெரியும்."

"ஏன் மறைக்கிறாங்க?"

"ஆசையா எடுத்தத நான் திருப்பி அலமாரில வச்சிடுவேனோன்னுதான்."

அதற்குப் பிறகு அந்தக் கோடை ஜாம் ஜாம் என்று போனது. பட்டாசு நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுடைய குடல்வால் வீக்கக்காரிக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு சைக்கிள் பயணம் இருந்தது. அதற்குப் போக முடியாமல் ஆகிவிடுமே என்று வாந்தியை மறைத்தாள். மாணவர்கள் திண்டாடினார்கள். மணிக்காரம்மா அவளுக்கு ஒற்றைத் தலைவலி, மஞ்சள் காமாலை, கணுக்கால் சுளுக்கு என்று வரிசையாக நோய் கொடுத்துப் பதவி உயர்வு தந்தார்.

அம்மா வார விடுமுறைதோறும் வந்தாள். அவளுக்கு ஒத்திகையிலும் பிடிப்பு வந்துவிட்டது. ஒருநாள் சமையலறை ஜன்னலோரம் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்ததைப் பக்கத்து வீட்டு அம்மா கேட்டுவிட்டார். ஒரு பாத்திரம் நிறைய சூப்போடு வந்து, "உடம்பப் பாத்துக்கங்க" என்று கண் கலங்கினார். உண்மையைச் சொல்ல அம்மாவுக்கு வெட்கம். மூன்று நாள் சூப் வந்தது. நான்காம் நாள் அப்பா பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது போட்டு உடைத்துவிட்டார், பாத்திரத்தை அல்ல, விஷயத்தை. பக்கத்து வீட்டு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு நோய் வாங்கித் தர முடியுமா?" என்று கேட்டார்.

நேர்முகத் தேர்வு நாள் வந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"விடுமுறையில என்ன பண்ணீங்க?"

"நோயாளியா இருந்தேன் சார்."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அவள் விளக்கினாள். சுருக்கமாகவே விளக்கினாள், இடையில் இரண்டு தடவை மூச்சுகூட விட்டாள்.

"அதுல என்ன கத்துக்கிட்டீங்க?"

"நாப்பது பேருக்கு மேல என் வயித்த அமுக்கிப் பாத்தாங்க சார். நாலே பேர்தான் கையத் தேய்ச்சு சூடாக்கிக்கிட்டு அமுக்கினாங்க. அந்த நாலு பேருக்கு மட்டும் வாந்திய மறைக்க எனக்கு மனசு வரல. கேட்டா மட்டும் சொல்லணும்னு தாளுல இருந்தும், கேக்காமலே சொல்லிட்டேன்."

ஓரத்தில் இருந்த வயதான பெண்மணி, மேசைக்கு அடியில் தன் இரண்டு கைகளையும் மெல்லத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார். பட்டாசு அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

முடிவு ஒரு வார விடுமுறை நாளில் காலை பத்தரைக்கு அவள் கைபேசிக்கு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அப்பா இரண்டு தடவை வாசித்தார், கண்ணாடி போட்டு மூன்றாம் தடவை வாசித்தார், ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டு சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். அம்மா மூன்றாம் அறையில் நெஞ்சுவலியோடு இருந்தாள்.

"உள்ள போகக் கூடாது" என்றார் நடைவழியில் மணிக்காரம்மா. "பரீட்சை நடக்குது. இன்னும் அஞ்சு நிமிஷம்." விஷயத்தைக் கேட்டதும் அவர் முகமும் மலர்ந்தது. ஆனாலும் விதி விதிதான்.

கதவில் கையகலக் கண்ணாடி ஒன்று இருந்தது. பட்டாசு அதில் முகத்தைப் பதித்தாள். அவள் தலைக்கு மேலே, கழற்ற மறந்த ஹெல்மெட்டோடு அப்பாவின் முகம்.

அம்மா பார்த்துவிட்டாள். அரை நிமிடம் பல்லைக் கடித்துத் தாக்குப்பிடித்தாள். மாணவன், "வலி வேற எங்கயாவது பரவுதாம்மா?" என்று கேட்டான். "இடது கைக்கு..." என்று ஆரம்பித்தவளுக்கு உதடு கேட்கவில்லை, காதுவரை விரிந்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்க டாக்டர். வலி போயிடுச்சு."

"எப்பம்மா?"

"இப்பத்தான்."

அவன் நல்ல மாணவன். நோயாளி சொல்லும் எதையும் விடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "எதனால போச்சுன்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டான்.

"எம்பொண்ணுக்கு இங்க எடம் கெடச்சிருச்சு!"

அவன் திரும்பிக் கதவுக் கண்ணாடியைப் பார்த்தான். அடுத்த நிமிடம் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டான். மணிக்காரம்மா அத்தனை வருடத்தில் முதல் தடவையாக நேரத்துக்கு முன்னால் மணி அடித்தார். அவனுக்கு மதிப்பெண் போக வேண்டாம் என்று தேர்வாளர், "நோயாளி குணமானதற்கான காரணத்தைத் தெளிவாகக் கேட்டறிந்தார்" என்று தாளில் எழுதி முழு மதிப்பெண் போட்டார்.

சத்தம் கேட்டு மற்ற அறைகளின் கதவுகளும் திறந்தன. மயக்கக்காரி வந்தாள், இருமல்காரர் வந்தார். எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தது ஏழாம் அறைக் கால் முறிவுக்காரர்தான், கட்டுப் போட்ட காலோடு. அப்பாவின் ஹெல்மெட்டை யாரோ கழற்றிவிட்டார்கள். அம்மா பட்டாசின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றாள். "இன்னும் மூணு பேர் பாக்கி. பாவம், அவங்களுக்கு நான் வலியோட இருக்கணுமில்ல."

நாற்காலியின் விளிம்பில் போய் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்து, சிரிப்பை அடக்க இரண்டு தடவை இருமி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.