பிள்ளைக்காம்பரா டீச்சர்

அன்று பிள்ளைக்காம்பராவில் அம்மா இருந்தார், நான் இருந்தேன், இன்னும் பதினைந்து இருபது பிள்ளைகள் இருந்தார்கள். உதவிக்கு வரும் ஆயா இல்லை. மகளின் பிரசவத்துக்காகப் பதுளைக்குப் போயிருந்தார். அப்பாவும் இல்லை. அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அனுப்பும் பணம் சில மாதம் வரும், சில மாதம் வராது.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. அங்கே அம்மாவுக்கு வேலை. காலையில் மற்றப் பிள்ளைகள் தங்கள் அம்மாவைப் பிரிந்து அழுவார்கள். நான் அம்மாவோடு போகிறவன். ஆனால் வாசற்படி தாண்டியதும் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். பாலுக்கு வரிசையில் கடைசியாக நிற்க வேண்டும். இரண்டும் அம்மா போட்ட சட்டம். எனக்கு நான்கு வயது. சட்டத்தை மதித்து நடந்தேன்.

அன்று எனக்குக் காய்ச்சல். பாயில் கிடந்தவன் என்னை அறியாமல் "அம்மா" என்று கத்திவிட்டேன். அம்மா ஓடிவந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த ஒரு சிறுமி தன் அம்மாவைக் கேட்டு அழத் தொடங்கினாள். பிறகு அறை முழுவதும் அதே அழுகை. அந்த நேரம் பார்த்துத்தான், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு அக்கா மலையிலிருந்து இறங்கி வந்தார். அவருடைய குழந்தை நனைந்த தொட்டிலில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"ஒங்க புள்ளைக்கு இடுப்பு, எங்க புள்ளைக்கு மூத்திரத் தொட்டிலுங்களா டீச்சர்? நல்லாருக்குங்க நாயம்."

அம்மா என்னை இறக்கிவிட்டுத் தொட்டில் துணியை மாற்றினார். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அம்மா என்றேன்.

"டீச்சர்னு சொல்லுடா" என்றார், என்னைப் பார்க்காமலே.

அந்த வாரமே கதை ஆபீஸ் வரை போனது. பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பான தோட்டத்து டாக்டர் ஐயா வந்தார். தன்மையாகத்தான் பேசினார்.

"ஒங்க மகன வேற எங்கயாச்சும் விட்டுட்டு வாங்கம்மா. இல்லாட்டி இந்த வேலைக்கு வேற ஆள்தான் பாக்கணும்."

மறுநாளிலிருந்து, கீழ் லயத்து வரிசை வீடொன்றில், தோட்ட வேலையை விட்டு நின்றிருந்த ஒரு பெரியம்மாவிடம் விடப்பட்டேன். டீச்சர் என்று கூப்பிடாததற்குத் தண்டனை என்றே நம்பினேன். இனிமேல் சரியாகக் கூப்பிடுகிறேன் என்று காலையில் படியில் நின்று சத்தியம் செய்வேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக மேடு ஏறிப் போவார்.

பெரியம்மா சும்மா பார்த்துக்கொள்கிறார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். வீட்டில் முதல் ஆளாகப் படித்து, பண்டாரவளையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அம்மாவிடம் கேட்டேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்க அவருக்குக் கிடைத்தது மாதம் ஆறாயிரம். அதில் என்னைப் பார்க்கப் பெரியம்மாவுக்குப் போனது மூவாயிரம்.